ஊன்றுகோல் தந்த பெருமான்

பிழை செய்தவன் வருந்துவது இயல்பு. வருந்திய மாத்திரத்தில் துன்பம் நீங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இயல்பே. அங்ஙனம் நீங்காதபோது, இறைவன் நம்மைக் கைவிட்டாரோ என்று மனம் தளர்கிறோம். தளரும் நெஞ்சங்களுக்குச் சைவ சமயாசாரியர் நால்வருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு பெரியதோர் ஆறுதலாகும். சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணம் அதனை விரிவாகக் கூறுகிறது. அதில் ஒரு பகுதியை மட்டும் ஈண்டுச் சிந்திப்போம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றியவர் நம் நாயனார். நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர் அவரை எடுத்து வளர்த்தார். புத்தூரில் அவருக்குத் திருமணம் நிகழவிருந்த வேளையில், இறைவர் முதிய வேதியராக வந்து அடிமை ஓலை காட்டினார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடி வென்று அவரை ஆட்கொண்டார். பின்னர்த் திருவாரூரில் தம்மையே தோழராகத் தந்தார். அதனால் நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அவ்வூரில் பரவையாரை மணந்து அவர் இனிது வாழ்ந்தார்.

தலங்கள்தோறும் வழிபட்டுச் சென்ற நாயனார், திருவொற்றியூர்க் கோயிலில் பூமாலை தொடுத்துத் தொண்டு செய்த சங்கிலியாரைக் கண்டு விரும்பினார். பிரியேன் என்று சூளுரைத்தாலன்றி மணம் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. திருவாரூரை மறக்க இயலாத நாயனார் ஓர் உபாயம் செய்தார். தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில், இறைவர் மூலத்தானத்தை விட்டு வெளியே மகிழ மரத்தின்கீழ் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பெருமானும் இசைந்தார், ஆனால் அச்செய்தியைச் சங்கிலியாருக்குக் கனவில் அறிவித்துவிட்டார்! மறுநாள் சேடியர் மகிழின்கீழ்ச் சத்தியம் கேட்கவே, நாயனார் வேறு வழியின்றி அம்மரத்தை வலம் வந்து சூளுரைத்தார். தோழர் என்பதற்காக இறைவர் அவர் பக்கமே சாய்ந்துவிடவில்லை. சங்கிலியாரின் பக்கத்தையும் காத்தார்.

காலம் சென்றது. இளவேனில் வந்து தென்றல் வீசவும், திருவாரூர் வசந்த விழா நாயனாரின் நினைவில் எழுந்தது. ஊர் நினைவு எத்துணை வலியது என்பதைப் பிழைப்பின் பொருட்டுத் தொலைவில் வந்து வாழும் நாம் நன்கறிவோம். திருவிழாக் காலம் நெருங்கினால், மேசைமேல் கணக்குப் புத்தகம் விரிந்து கிடக்க, மனம் மட்டும் ரயில் ஏறிவிடுகிறது. ஆதலின் நாயனாரின் ஏக்கத்தை நாம் இகழோம். ஆயினும் சொன்ன சொல் சொன்ன சொல்லே அன்றோ? அவர் ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன.

திகைத்து மயங்கிய நாயனார், தம் பிழையை உணர்ந்து இறைவரை இரந்து பாடினார். கண் வரவில்லை. அடியார் வழிகாட்ட, இருளிலேயே நடந்து திருவெண்பாக்கம் சேர்ந்தார். பெருமான் கோயிலில் இருக்கிறாரா என்று வினவினார். தாம் இருப்பதாகவும், அவர் போகலாம் என்றும் அயலார்போல் விடை வந்தது. உடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் அமைந்தபோது அப்பழைய தலம் நீருள் மறைந்தது. பின்னர்ப் பூண்டியில் எழுப்பப்பெற்ற கோயிலில் இறைவர் ஊன்றீசர் என்னும் பெயருடன் வழிபடப்பெறுகிறார்.

கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்தது கருணையா என்று சிலர் ஐயுறலாம். கருணையே என்பது நம் கருத்து. தண்டனை அன்று முடியவில்லை; ஆனால் தண்டனை பெற்றவர் வழியில் இடறி விழாதிருக்கத் துணை வந்தது. அதனைக் கொடுத்தவரும் தண்டித்தவரும் ஒருவரே. நாயனாரும் கோல் போதாது என்று எறிந்துவிட்டுத் திரும்பவில்லை. அதனை ஊன்றியே மேற்சென்றார்.

காஞ்சியில் காமக்கோட்டம் தொழுது ஏகம்பம் அடைந்தபோது இடக்கண் ஒளி பெற்றது. குத்தாலம் என இந்நாளில் வழங்கும் காவிரிக்கரைத் திருத்துருத்தியில், குளத்தில் மூழ்கி எழவே உடற்பிணி நீங்கிற்று. இறுதியில் திருவாரூரில் வலக்கண்ணும் வந்தது. அதன் பின்னும் ஒரு கதவு மூடியிருந்தது. செய்தியறிந்த பரவையார் அவரை ஏற்க மறுத்தார். அப்பொழுது இறைவரே நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இருமுறை தூது நடந்து அவ்வூடலைத் தீர்த்தருளினார். கண்ணைப் பறித்தவரே தோழருக்காகக் கால் நோவ நடந்தார் என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகிறது.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் சொல் தவறிய நாட்கள் உண்டு. அதனால் பிறர் நொந்த நாட்களும் உண்டு. மனம் திருந்திய அன்றே யாவும் நேராகிவிடுவதில்லை. இழந்த நம்பிக்கை சிறிது சிறிதாகவே திரும்புகிறது. அதுவரை நம் கைக்கு ஒரு கோல் கிடைக்கும்: ஒரு நண்பரின் நற்சொல், அன்றைய வேலையைச் செய்து முடிக்கும் வலிமை, மாலையில் விளக்கின்முன் சிறிது நேர அமைதி. அதனை அற்பமென்று தள்ளாது, அருளென்று பற்றி நடப்போமாக. ஆரூர்ப் பெருமான் அனைவருக்கும் துணை நிற்பாராக!