இராஜா இரவிவர்மரும் அச்சுயந்திரமும்

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் சித்தன்னவாசலைக் காணச் சென்றிருந்தோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் உள்ள அக்குகைக்கோயிலின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின என அறிஞர் கருதும் தாமரைப் பொய்கைச் சித்திரத்தை அண்ணாந்து நோக்கிக் கழுத்து நோவ நின்றோம். அச்சித்திரம் பாறையோடு ஒன்றியது. அதனைக் காண விழைவோர் அவ்விடம் சென்றே தீரவேண்டும். திரும்பும் வழியில் திருமயத்தின் பக்கத்திலுள்ள எம் தோழர் ஒருவர் இல்லத்தில் தங்கினோம். அவ்வீட்டின் முகப்பில், வீணை ஏந்திய கலைமகள் படம் ஒன்று பழைய கண்ணாடிச் சட்டத்துள் இருந்தது. தோழரின் பாட்டியார் அதற்கு விளக்கேற்றிக் கைகூப்பினார். படத்தின் அடியில் இரவிவர்மா அச்சுக்கூடம் என்னும் சிற்றெழுத்துக்கள் மங்கலாய்த் தெரிந்தன. ஒரு சித்திரம் மலையில் இருந்து மக்களை அழைக்கின்றது. மற்றொன்று மக்கள் இருக்கும் மனைதேடி வந்துளது. இவ்வேற்றுமைக்குக் காரணர் யார் என வினவுவார்க்கு, இராஜா இரவிவர்மர் என்னும் பெயரே விடையாகும். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. இம்மலரின் அட்டைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைக்கொண்டு ஆக்கிக்கொள்ளலாம் என்று எம்முள் சிலர் கூறினர். நான்கு சொல் எழுதினால் நொடியில் படம் வருமே என்றனர். ஆண்டுதோறும் அட்டைப் படம் வரையும் தோழர் ஒன்றும் பேசாதிருந்தார். அவரது மௌனமே எம்மை இரவிவர்மரிடம் செலுத்திற்று.

பிறப்பும் கல்வியும்

இரவிவர்மர் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29-ஆம் நாள் தோன்றினார். தந்தையார் வடமொழி வல்லவர். தாயார் உமா அம்பாபாய் கவி இயற்றும் ஆற்றல் படைத்தவர். சிறுவராய இரவிவர்மர் கரித்துண்டு கொண்டு வீட்டுச் சுவர்களில் விலங்குகளையும் மனிதரையும் வரைந்துவந்தார். பிறர் அதனைக் குறும்பு எனக் கருத, அவர்தம் தாய்மாமனும் ஓவியருமாகிய இராஜராஜவர்மர் மட்டும் அக்கோடுகளில் கைத்திறம் கண்டார். அவரே முதலாசிரியராய் அமைந்து, பதினான்காம் வயதில் மருகரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் சேர்ப்பித்தார்.

அரண்மனையில் இராமசாமி நாயுடு என்னும் ஓவியர் இருந்தார். அவர் எண்ணெய் வர்ணத்தின் நுட்பங்களை இளைஞர்க்குக் கற்பிக்க ஒருப்படவில்லை என்பர். 1868-ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை எழுத வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் இசைந்தார். இரவிவர்மருக்கு அப்போது இருபது வயது. ஏறத்தாழ எம் வயதே. கண்ணால் கண்டதைத் தனியறையில் கையால் செய்துபார்த்து, கெடுத்து, மீண்டும் செய்து அவர் கற்றார். கல்விக்கூடமும் கைகொடுக்கும் ஆசானும் இன்றி ஒரு கலையை வசமாக்கிய இவ்வுழைப்பு, அவர் வாழ்வில் நாம் முதற்கண் போற்றத்தக்கது.

புகழும் புதுக்கோட்டையும்

1873-ஆம் ஆண்டில் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் நங்கையின் படத்திற்காக அவர் தங்கப்பதக்கம் பெற்றார். அவ்வாண்டே வியன்னா நகரத்துப் பெருங்காட்சியிலும் அவர் பெயர் விளங்கிற்று. பின்னர், தாமரையிலையில் ஓலை வரையும் சகுந்தலையின் படத்தைச் சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபு விலைகொடுத்து வாங்கினார். அதுமுதல் மன்னர் பலர் தத்தம் நாட்டிற்கு இவரை அழைக்கலாயினர்.

அவருள் நம் புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திர தொண்டைமானும் ஒருவர். முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாயிருந்த சேஷய்ய சாஸ்திரியார் 1878-இல் புதுக்கோட்டைத் திவானாக வந்தவர். குளங்களையும் வீதிகளையும் சீர்செய்து இந்நகரைப் புதுக்கிய பெருமை அவரைச் சாரும். அத்தொண்டைமான் காலத்தில் இரவிவர்மர் புதுக்கோட்டைக்கு வந்து தங்கி, மன்னரையும் அவர்தம் குடும்பத்தினரையும் எழுதினார். ஆயினும் அரண்மனையில் எழுதிய அச்சித்திரங்களைக் கண்டோர் எத்துணையர்? அரண்மனை வாயிலைக் கடக்க உரிமையுடைய சிலரே. சித்தன்னவாசலுக்கு நடந்துபோகவேனும் வழியுண்டு. அரண்மனைச் சுவருக்கு அதுவும் இல்லை. ஓவியம் எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு பிரதியே உள்ளவரையில் அஃது உடையவனுக்கே உரியது என்னும் உண்மையை இதனால் அறிகின்றோம்.

பரோடா மன்னர் சயாஜிராவ் வேண்டுகோட்கு இணங்கி, புராண இதிகாசங்களினின்று பதினான்கு பெரும்படங்களை இரவிவர்மர் தீட்டினார். அவை பரோடாவுக்குச் செல்லுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் காண வைக்கப்பெற்றன. திரள்திரளாக மக்கள் வந்தனர். தாம் கேட்டும் பாடியும் வந்த கதைமாந்தரை உயிரும் ஊனும் உடையாராய்க் கண்டு வியந்தனர். 1893-இல் சிகாகோ நகரத்துப் பெருங்காட்சியில் இவர் அனுப்பிய பத்துப் படங்கள் பரிசு பெற்றன. அதே நகரில் அதே ஆண்டில்தான் விவேகானந்தர் சர்வசமயப் பேரவையில் பேசினார்.

அச்சுக்கூடம்

இத்துணைப் புகழ் பெற்றவர் மன்னர்தம் பொன்னோடு அமைந்திருக்கலாம். ஆயின் தம் படங்களின் பிரதி வேண்டி வந்தோர் தொகை ஒருவர் கையால் எழுதித் தீர்க்கவியலாத அளவினது. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த மாதவராவ், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சிற் பதிப்பித்தல் நன்று என்று முன்னரே அறிவுரை கூறியிருந்தார். இரவிவர்மர் அதனினும் ஒருபடி மேற்சென்று, 1894-ஆம் ஆண்டில் ஜெர்மானிய யந்திரங்களையும் தொழிலறிஞரையும் வருவித்துப் பம்பாய்க் கிர்காமில் தாமே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அங்கு அச்சேறிய முதற்படம் சகுந்தலையின் பிறப்பாகும்.

அவ்வச்சு முறை கல்லச்சு எனப்படும். பவேரிய நாட்டினரான செனபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டது அது. வழுவழுப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பர். பசையுள்ள இடம் நீரை ஏலாது. நீருள்ள இடம் அச்சுமையை ஏலாது. ஆதலின் வரைந்த இடம் மட்டும் மை பற்றித் தாளிற் பதியும். வர்ணப் படத்திற்கோ ஒவ்வொரு வர்ணத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். ஒரே தாளைப் பல கற்களின்மேல், மயிரிழையும் பிறழாது, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பதித்து, இறுதியில் எண்ணெய் ஓவியம் போல் ஒளிர மெருகு பூசுவர். கல்லில் வரைந்தவர் இரவிவர்மர் அல்லர்; அவர் மூலப்படத்தை நோக்கி வர்ணங்களைப் பகுத்தறிந்து எழுதிய தொழிலாளரே. அவர்களுடைய பெயர்கள் படத்தின் அடியில் இல்லை.

இவ்வச்சுக்கூடத்தால் விளைந்த பயன் பெரிது. அக்காலத்தில் சாதியின் பெயரால் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பெற்றோர் பல்லாயிரவர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசம் 1936-ஆம் ஆண்டில்தான் வந்தது. காணவும் அருகதை இல்லையெனத் தள்ளப்பெற்றார் குடிசைக்குள்ளும் இலக்குமியின் படம் சிறுவிலைக்குச் சென்று சேர்ந்தது. எம்மைப் போன்ற கிறிஸ்தவர் இல்லங்களில் தொங்கும் திருக்குடும்பப் படங்களும் இத்தகைய வர்ண அச்சின் வாயிலாகவே வந்தவை. ஆதலின் இப்பயனை நாங்களும் அறிவோம்.

பழியும் உண்டு. யந்திரப் படம் மலிந்ததால் கையோவியர் சிலர் பிழைப்புக் குன்றிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட தெய்வ வடிவங்கள் மறைந்து ஒரு வடிவமே எங்கும் பரவலாயிற்று. ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞர், இவர் மேனாட்டு முறையைப் பின்பற்றி நம் மரபின் உயிரை இழந்தார் என்று குறைகூறினர். பிற அச்சுக்கூடத்தார் இவர் படங்களைத் தாமே அச்சிட்டு ஊதியம் பெற்றனர்.

இறுதிக்காலம்

ஓவியருக்கு வாணிகம் கைவரவில்லை. 1896-இல் பம்பாயிற் பிளேக் நோய் பரவவே தொழிலாளர் சிதறினர். அச்சுக்கூடம் லோணாவளாவின் அருகிலுள்ள மளவளிக்கு மாற்றப்பெற்றது. கடன் மிகுந்தமையால், சில ஆண்டுகளில் அதனைத் தம்மிடம் பணிபுரிந்த ஜெர்மானியராகிய பிரிட்ஸ் ஷ்லைகரிடமே விற்றுவிட்டார். அவ்வச்சுக்கூடத்தில் வேலைபார்த்த தாதாசாகேப் பால்கே, 1913-இல் இராஜா ஹரிச்சந்திரா என்னும் ஊமைப்படத்தை ஆக்கினார் என்பது கருதத்தக்கது. நிலைத்த படத்தைப் பெருக்கிய யந்திரத்தினருகே நின்றவர், அசையும் படத்தின் தந்தையாயினார்.

வாழ்நாள் முழுதும் உடனுழைத்த தம்பி இராஜராஜவர்மர் 1905-இல் மறைந்தார். அப்பிரிவு இரவிவர்மரைத் தளர்த்திற்று. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அவரும் உலகவாழ்வை நீத்தார். கோவில்பட்டிக் கொண்டையராஜுவின் தெய்வப் படங்களும், சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளும் அவர் வகுத்த வழியே வந்தவை. 1972-ஆம் ஆண்டில் அவ்வச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. படங்களோ மனைகளில் வாழ்கின்றன.

நாம் அறிவது

இனி, எம் வினாவுக்கு மீள்வோம். 2018-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் யந்திரம் ஆக்கிய உருவப்படம் ஒன்று 4,32,500 டாலருக்கு ஏலம் போயிற்று. அதனை ஆக்கிய நிரலுக்கு, பல நூற்றாண்டுகளில் ஓவியர் எழுதிய ஏறத்தாழ 15,000 உருவப்படங்கள் பாடமாக ஊட்டப்பெற்றன. இரவிவர்மரின் யந்திரம் ஒருவர் படத்தைப் பல்லாயிரமாகப் பெருக்கிற்று. இக்காலத்து யந்திரமோ பல்லாயிரவர் படங்களைக் கற்று ஒன்றைத் தருகின்றது. முன்னதில் ஓவியர் பெயர் எல்லா வீட்டிற்கும் சென்றது. பின்னதில் ஓவியர் பெயரெல்லாம் கரைந்துபோகின்றன. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் யந்திரத்தைப் பழித்து ஒதுக்குதலும் எம் கருத்தன்று. யந்திரம் இன்றேல் அப்பாட்டியார் கைகூப்பக் கலைமகள் வந்திரார். இரவிவர்மர் பார்த்தே கற்றவர். யந்திரமும் பார்த்துக் கற்கின்றது என்பாரும் உளர். ஆனால் அவர் தாம் கற்றதன் விளைவுக்குத் தம் பெயரை இட்டார். புகழையும் பழியையும் கடனையும் தாமே சுமந்தார். யந்திரம் சுமப்பது யாது? சுமக்கவேண்டியவர் அதனை ஏவுவோரே. யாரிடம் கற்றது, யார் உழைப்பால் ஆயது என்பவற்றை மறையாது கூறுதல் அவர்தம் கடமையாகும். கல்லில் வரைந்தாரின் பெயரை அன்று மறந்தோம். அப்பிழையை இன்னும் பெரிதாகச் செய்தல் நமக்குத் தகாது.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபின், அட்டைப் படத்தைத் தோழரிடமே விட்டோம். அவர் மீண்டும் ஒருமுறை சித்தன்னவாசல் சென்று, மூன்று தாளைக் கிழித்தெறிந்து, நான்காவதில் தாமரையை வரைந்தார். அதனை யந்திரம் அச்சிட்டது. அவர் பெயரோடு அச்சகத் தொழிலாளர் பெயர்களையும் படத்தின் அடியிற் சேர்த்திருக்கின்றோம். படிப்போர் அச்சிற்றெழுத்துக்களையும் ஒருமுறை நோக்குவாராக.