ஊரைப் படித்த பேராசிரியர்

1914ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். முதல் உலக மகாயுத்தம் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குண்டு மாரி பொழிந்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், இந்துமகா சமுத்திரத்தில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடிப் பிடித்து மூழ்கடித்துக் கொண்டிருந்தது. அப்படிக் கடலுக்கு இரையான கப்பல்களில் ஒன்றின் பெயர் கிளான் கிராண்ட்.

அந்தக் கப்பலில் வந்த பெட்டிகள் சிலவற்றில் உலகத்து நகரங்களின் வரைபடங்களும், பழைய சித்திரங்களும், புகைப்படங்களும் இருந்தன. ஒரு மனிதர் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய செல்வம் அது. முந்திய ஆண்டில்தான் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் அது பெரும் பரிசு பெற்றிருந்தது. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில், இந்தியர்களுக்குக் காட்டுவதற்காக அது வந்து கொண்டிருந்தது. எல்லாம் கடலோடு போயிற்று.

பெட்டிகளுக்கு உரியவர் வேறு கப்பலில் முன்னதாகவே இந்தியா வந்து சேர்ந்திருந்தார். வயது 60. இந்த இழப்பைக் கேட்டு அவர் ஊர் திரும்பிவிடவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் மறுபடியும் படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே தீர்ந்தது.

அவர்தான் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ். நகரமைப்பு என்பது ஒரு கல்வித்துறை, ஆராய்ந்து படிக்க வேண்டிய சாஸ்திரம் என்று உலகுக்கு உணர்த்தியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

பட்டம் பெறாத பண்டிதர்

1854 அக்டோபர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் கெடிஸ் பிறந்தார். தந்தை படைவீரர். பெர்த் நகரை அடுத்த குன்றுச் சரிவில், தோட்டம் சூழ்ந்த ஒரு வீட்டில் வளர்ந்தார். மகன் நிலையான வேலையில் அமர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதற்காகச் சில காலம் பாங்கியில் வேலை பார்த்தார். மனம் அதில் ஒட்டவில்லை. லண்டனுக்குச் சென்று, உயிரியல் மேதை ஹக்ஸ்லியிடம் மாணவராகச் சேர்ந்தார். கடைசி வரையில் எந்தப் பட்டமும் வாங்கவில்லை.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது விதி குறுக்கிட்டது. கண்பார்வை போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். அப்போது ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்து, அந்தக் கட்டங்களிலேயே தம் எண்ணங்களை வரிசைப்படுத்தும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் குனிந்து பார்க்கும் வலிமை கண்களுக்கு இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அவருடைய கவனம் சிற்றுயிர்களிடமிருந்து மனிதக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. செடியைப் படிக்க அது வேரூன்றிய மண்ணைப் படிக்க வேண்டும். மனிதனைப் படிக்க அவன் வாழும் ஊரைப் படிக்க வேண்டும் என்று கண்டார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே அவருடைய ஆராய்ச்சிக்கு அடிப்படை ஆயிற்று.

1888 முதல் 1919 வரை டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்பது ஏற்பாடு. மீதி மாதங்கள் ஊர்களுக்கு.

சேரியில் குடித்தனம்

எடின்பரோவின் பழைய நகர்ப் பகுதி அந்நாளில் அழுக்கும் நெருக்கடியும் நிறைந்த சேரியாக இருந்தது. வசதி உள்ளவர்கள் எல்லோரும் புதிய நகருக்குக் குடிபெயர்ந்து விட்டார்கள். 1886இல் அன்னா மார்ட்டனை மணந்த கெடிஸ், அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் நடந்தார். ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்பில் மனைவியோடு குடியேறினார். இருவரும் தாங்களே சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் சேர்ந்து கொண்டார்கள். இடியும் நிலையில் இருந்த வீடுகள் செப்பனிடப்பட்டன. மிகவும் கெட்டுப்போனவை மட்டும் அகற்றப்பட்டு, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்யப்பட்டது. மாணவர்களுக்கு விடுதிகளும் எழுந்தன.

1892இல் எடின்பரோ கோட்டைக்கு அருகே ஒரு பழைய கோபுரத்தை எடுத்து, அதை ஊரைப் படிக்கும் பள்ளிக்கூடமாக்கினார். உச்சியில் நின்றால் நகரம் முழுவதும் தெரியும். கீழே இறங்க இறங்க, அந்த நகரம், பிறகு ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, பிறகு உலகம் என்று ஒவ்வொரு தளத்திலும் ஒரு காட்சி. தன் ஊரை அறிந்த பிறகே உலகை அறிய வேண்டும் என்பது பாடம்.

முதலில் ஆய்வு, பிறகு திட்டம் என்பது கெடிஸ் வகுத்த விதி. நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பது வைத்தியருக்குப் பொருந்துமானால் நகரமைப்பாளருக்கும் பொருந்தும் என்றார். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த விதி, அந்நாளில் எஞ்சினியர்களுக்குக் கசந்தது.

தஞ்சையும் மதுரையும்

கசந்ததற்குக் காரணம் உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைக்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து, நேரான அகன்ற சாலைகளைப் போடுவதே சுகாதாரத்துக்கு வழி என்று கருதப்பட்டது. இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த தெருவுக்குத்தான். அங்கே நெரிசல் இரட்டித்தது. மற்ற நகரங்களிலும் இதே கதைதான்.

சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிவந்த கெடிஸ், 1915இல் தம் அறிக்கையைக் கொடுத்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளின் நடுவே நேர்க்கோடாகப் புதுத் தெருக்கள் வெட்டும் யோசனை இருந்தது. கெடிஸ் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக நிற்கிறது, எது பாழடைந்தது, எந்த மனை காலியாகக் கிடக்கிறது என்று குறித்தார். பாழ் வீடுகளையும் காலி மனைகளையும் மட்டும் பயன்படுத்தினால், சந்துகளை அகலமாக்கலாம். அங்கங்கே மரநிழலோடு சிறு முற்றவெளிகள் அமைக்கலாம். குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோரை அசைக்கவே வேண்டாம். செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். உயிரைக் காக்கும் அறுவைச் சிகிச்சை என்ற பொருளில் இம்முறைக்கு ஒரு பெயரும் சூட்டினார். மதுரைக்கும் இதே முறையைக் கூறினார்.

தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. கோயிலை நடுவில் வைத்து, ஆடி, சித்திரை, மாசி என்று மாதங்களின் பெயரால் சுற்றிச் சுற்றி வீதிகள் அமைந்த மதுரையில், நகரமைப்பு மக்களின் வாழ்வோடும் திருவிழாவோடும் பின்னிக் கிடப்பதைக் கண்டார். மேனாட்டுப் பாணியை இங்கே அப்படியே கொண்டுவந்து நடுவது தவறு என்று எச்சரித்தார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தையும் எதிர்த்தார். குளத்தைச் சுத்தமாக வைத்து மீன் வளர்த்தால், கொசுவின் புழுக்களை மீன்கள் தின்றுவிடும். தண்ணீரும் மிஞ்சும், குளிர்ச்சியும் மிஞ்சும் என்றார். குளங்களை இழந்துவிட்டு வெள்ளத்திலும் வறட்சியிலும் மாறி மாறி அவதிப்படும் நகரங்கள் இந்த யோசனையின் மதிப்பை இப்போது உணர்கின்றன.

ஒரு நாள் மகாராஜா

பரோடா, லக்னோ, பல்ராம்பூர் என்று குறைந்தது 18 நகரங்களுக்கு அவர் அறிக்கைகள் எழுதினார். அவற்றில் பெரியது 1918இல் வெளிவந்த இந்தூர் அறிக்கை, இரண்டு பாகம்.

இந்தூரில் அப்போது பிளேக் பரவியிருந்தது. தெருவில் நடந்தபோது மக்கள் தம்மை வெறுப்போடு பார்ப்பதைக் கெடிஸ் கவனித்தார். பிளேக்கைக் கொண்டுவரும் கிழட்டுத் துரை என்று தம்மைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. அளவு நாடாவோடு ஒருவர் வந்தால் பின்னாலேயே கடப்பாரை வரும் என்பது அவர்களுடைய அனுபவம். கோபம் நியாயமானதுதான் என்று கெடிஸுக்குப் பட்டது. உடனே அதிகாரிகளிடம் சென்று, தம்மை ஒரே ஒரு நாள் மகாராஜாவாக்க வேண்டும் என்று கேட்டார். அனுமதி கிடைத்தது.

தீபாவளி நெருங்கியது. வழக்கமான பாதையில் இம்முறை ஊர்வலம் போகாது. எந்தத் தெருக்காரர்கள் தங்கள் வீடுகளையும் வாசல்களையும் நன்றாகச் சுத்தம் செய்து செப்பனிட்டிருக்கிறார்களோ அந்தத் தெருக்களின் வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே போட்டி போட்டுக்கொண்டு இறங்கியது. ஆண்டாண்டாகச் சேர்ந்த குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன. எலிகள் பிடிக்கப்பட்டன.

அன்று நடந்த ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் வந்தன. அழுக்கின் உருவாக ஒரு ராவணனும், பிளேக்கின் உருவாகப் பிரம்மாண்டமான ஓர் எலியும் வந்தன. அவற்றின் பின்னே ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடை உடுத்து, மாலை அணிந்து, மலர் சூட்டிய துடைப்பங்களோடு பெருமிதமாக நடந்தார்கள். அவர்களுக்கும் பின்னே, வரப்போகும் இந்தூர் நகரின் மாதிரிகளைத் தாங்கிய தேர்கள். முடிவில் ராவணனும் எலியும் தீக்கு இரையாயின. பிளேக்கும் தணிந்தது. கொண்டுவந்தவர் என்று தூற்றிய மக்களே, அதை ஓட்டியவர் என்று அவரைப் போற்றினார்கள்.

வெளியே தெரியாத துயரம்

இந்தியாவில் கெடிஸ் பெற்றது புகழ் மட்டுமல்ல. 1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். சென்னைக்கு முதலில் வந்தபோது உடன் வந்து உதவிய மகன் அவர். செய்தி வந்த சமயம் அன்னா கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகனிடமிருந்து முன்பே வந்திருந்த கடிதங்களை, ஒன்றும் நடவாதது போல் மனைவிக்குப் படித்துக் காட்டினார். மகன் இறந்ததை அறியாமலேயே சில வாரங்களில் அன்னாவும் கண் மூடினார். எடின்பரோச் சேரியில் வெள்ளையடித்த நாள் முதல் கூடவே உழைத்த துணை அகன்றது. மறு ஆண்டு வந்த இந்தூர் அறிக்கை, இத்தனை துயரத்துக்கு இடையில் எழுதி முடித்ததுதான்.

பம்பாயில் ஐந்து ஆண்டு

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராகக் கெடிஸை நியமித்தது. அவரைச் சிறந்த பிரசங்கி என்று சொல்ல முடியாது. தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார், ஒன்றைத் தொடங்கி ஒன்பதுக்குத் தாவுவார். அவருடைய எழுத்தும் எளிதில் பிடிபடாது. ஆனால் திறமையை இனம் கண்டுகொள்வதில் வல்லவர். பம்பாய் நகரத்தைப் பற்றி ஓர் இளைஞர் எழுதிய கட்டுரையைக் கண்டு மகிழ்ந்து, அவர் இங்கிலாந்து சென்று படிக்க வழி செய்தார். அந்த இளைஞர் ஜி.எஸ். குர்யே. 1924இல் அத்துறையின் தலைமையை ஏற்ற குர்யேயிடம் படித்தவர்கள்தாம் ஐராவதி கார்வேயும் எம்.என். சீனிவாசும். இந்தியச் சமூகவியலின் பெரும்பகுதி இந்த வேரிலிருந்து கிளைத்தது.

விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதி வெளியிட்டார். தாகூரின் நண்பர், இளைய மகன் ஆர்தர், தாகூரின் கிராமப் பணியில் பங்கேற்றார்.

மில் தொழிலாளர்களுக்கென அந்நாளில் எழுந்த ஓரறைச் சால்களைக் கண்டு கெடிஸ் மனம் வெதும்பினார். மனிதர்களைக் குடிவைக்கக் கட்டியவையல்ல, சரக்கைப் போல அடுக்கி வைக்கக் கட்டியவை என்பது அவர் கருத்து. ஒரு குடும்பத்துக்கு வேண்டியது நாலு சுவர் மட்டுமல்ல. முற்றமும் மரமும் அண்டை அயலும் சேர்ந்ததே வீடு என்றார். கேட்டவர் குறைவு. அவருடைய நகர அறிக்கைகளில் பலவும் அலமாரியிலேயே தங்கிவிட்டன.

உடல்நலம் குன்றவே 1924இல் இந்தியாவை விட்டுச் சென்றார். தெற்குப் பிரான்சில் மோன்பெலியே நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார். டெல் அவீவ் நகருக்கு 1925இல் திட்டம் வகுத்துத் தந்தார். முன்பு ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932இல் ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் தேதி மோன்பெலியேயில் காலமானார். அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு அவரைக் குருவாகக் கொண்டு எழுதிய நூல்களால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

கெடிஸ் வெறுத்த சால்கள் இடிக்கப்பட்டு, மும்பையில் இப்போது உயர்ந்த மாடிகள் எழுந்து வருகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்து, சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறிய தமிழர்கள் வாழும் தாராவியிலும், மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. கணக்கெடுப்பு என்பது கெடிஸின் சொல்தான். ஆனால் யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிப்பதற்கான கணக்கு வேறு. அந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, பக்கத்து வீட்டாரோடு என்ன உறவு இருக்கிறது, எதை அசைத்தால் எது முறியும் என்று அறிவதற்கான கணக்கு வேறு. இரண்டாவதைத்தான் அவர் தஞ்சையின் சந்துகளில் நடந்து நடந்து எடுத்தார்.