தாய்ப்பெயர் தாங்கிய தலைவன்

அமெரிக்கக் குதிரைவீரர் படங்களை நம்மில் பலரும் கண்டு களித்திருக்கிறோம். அவற்றில் வெள்ளையர் ஒரு பக்கம், செவ்விந்தியர் மறுபக்கம். அந்த இரு பக்கமும் தன் குருதியிலேயே கலந்திருந்த ஒரு வீரனின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். அவன் பெயர் குவானா பார்க்கர்.

1836 மே மாதம், டெக்சாஸில் பார்க்கர் குடும்பத்தார் எழுப்பியிருந்த கோட்டை தாக்கப்பட்டது. ஏறத்தாழ 9 வயதுச் சிறுமியான சிந்தியா ஆன் பார்க்கர் கொமாஞ்சி இனத்தாரிடம் சிறைப்பட்டாள். நாளடைவில் அவர்கள் மொழியே அவள் மொழியாயிற்று. பீட்டா நொக்கோனா என்னும் தலைவனை மணந்தாள். அவர்களுடைய மகனே குவானா.

1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் டெக்சாஸ் படையினர் அவளையும் கைக்குழந்தையையும் பிடித்து, வெள்ளை உறவினரிடம் சேர்த்தனர். மீட்டுவிட்டோம் என்று உறவினர் மகிழ்ந்தனர். அவளோ பிரிந்த மகன்களை எண்ணித் தப்பியோட முயன்றாள். உடனிருந்த குழந்தையும் நோயால் மாண்டது. பின்னர் அவளும் மறைந்தாள். குவானா தாயை மீண்டும் காணவேயில்லை.

தாயின் இனத்தோடு மகன் போரிட்டான். 1867-ஆம் ஆண்டின் மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையை அவன் கூட்டத்தார் ஏற்கவில்லை. 1874 ஜூனில் அடோபி வால்ஸ் தாக்குதலில் அவன் முன்னின்றான். அவ்வாண்டு செப்டம்பரில் பேலோ டூரோ பள்ளத்தாக்கில், பூர்வகுடியினரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை மெக்கன்சியின் படை சுட்டுக் கொன்றது. காட்டெருமைகளையோ தோல் வணிகத்துக்காக வேட்டையாடியோர் அழித்து வந்தனர். குதிரையும் எருமையும் இல்லாத கொமாஞ்சிக்கு ஏது வாழ்வு? 1875 ஜூனில் ஃபோர்ட் சில்லில் குவானா சரணடைந்தான்.

சரணடைந்தவன் துரோகியா? அவனை ஐயுற்றோர் அவன் இனத்திலேயே இருந்தனர். நான் அவ்வாறு கருதவில்லை. மேய்ச்சல் நிலங்களைக் கால்நடை முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டுத் தன் மக்களுக்கு வருவாய் தேடித் தந்தவன் அவன். பூர்வகுடியினருக்கான நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தான். 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்தில் குதிரையேறிச் சென்றான். ஆயினும் பின்னிய சடையைக் களையவில்லை. அதிகாரிகள் கண்டித்தும், பல மனைவியரோடு வாழும் குல வழக்கத்தைக் கைவிடவில்லை. அதனால் நீதிபதிப் பதவியையே இழந்தான்.

கொமாஞ்சியாகவே வாழ்ந்த அவன், பார்க்கர் என்னும் தாயின் குடும்பப் பெயரையும் விரும்பிச் சூடிக்கொண்டான். 1910-இல் தாயின் எலும்புகளை டெக்சாஸிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தான். மறு ஆண்டு பிப்ரவரியில் மறைந்த அவனையும் அவளருகிலேயே புதைத்தனர்.

நண்பர்களே, இரு இனமும் பகை கொண்டிருந்த காலத்தில், தந்தையின் மக்களையும் காத்துத் தாயின் பெயரையும் காத்தவனை எந்தப் பக்கத்தவன் என்று சொல்வீர்கள்? இருவருக்கும் நல்ல மகன் என்றே நான் சொல்வேன்.