வான்குதிரை ஏறிய தேசிங்கு ராஜன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பாதி வழியில் மூன்று மலைகளைப் பார்ப்பார்கள். பாறைமேல் பாறையாக அடுக்கியது போன்ற மலைகள். மூன்றையும் வளைத்து நீண்ட மதில் ஓடும். அதுதான் செஞ்சிக் கோட்டை. அண்ணாமலையார் கோயில் இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

கார்த்திகை தீபத்துக்குப் போகும் குடும்பங்களில், செஞ்சி வந்ததும் பெரியவர்கள் தேசிங்கு ராஜன் கதையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கதையில் குதிரை வானத்தில் பறக்கும். கோயில் சிலை தலையைத் திருப்பும். எறிந்த வாள் எஜமான் சொன்னபடி கேட்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

கதையில் மாயம் உண்டு. ஆனால் தேசிங்கு மாயப் பிறவி அல்ல. உண்மையில் வாழ்ந்தவன். 22 வயதில் போர்க்களத்தில் மாண்டவன்.

டில்லிக் குதிரை

அவனுடைய உண்மைப் பெயர் தேஜ்சிங். வடக்கே உள்ள புந்தேல்கண்ட் ராஜபுத்திரர் குலம். தந்தை சொரூப்சிங் மொகலாயரின் கீழ் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக இருந்தார். தேஜ்சிங் என்ற பெயர் தமிழ் மக்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று.

கதைப்பாட்டு வேறு விதமாகத் தொடங்குகிறது. டில்லி பாதுஷாவிடம் ஒரு தெய்வக் குதிரை இருந்ததாம். பெயர் பாராசாரி. ஏறியவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். தேசிங்கின் தந்தையும் தோற்றுச் சிறைப்பட்டார். செய்தி கேட்டு மகன் டில்லிக்கு ஓடினான். ரங்கநாதரை நினைத்துக் குதிரைமேல் தாவினான். குதிரை ஆகாயத்தில் எழும்பிற்று. அதையும் அடக்கி, தந்தையை மீட்டு, குதிரையையே பரிசாகப் பெற்று வந்தான். கூடவே மணப்பெண்ணும் கிடைத்தாள்.

பெரிய எழுத்துப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில் இரண்டாம் முறை படித்திருப்பார்கள்!

எழுபது லட்சம்

சொரூப்சிங் இறந்தார். மகன் செஞ்சிக்கு வந்து ஆட்சியை ஏற்றான். அங்கேதான் வந்தது வினை.

ஆர்க்காட்டில் நவாப் சாதத்துல்லாகான் இருந்தார். கப்பப் பணம் பல ஆண்டுகளாக வரவில்லை, பாக்கி 70 லட்சம் ரூபாய் என்றார். பாதுஷாவின் புது உத்தரவு இல்லாமல் கோட்டையை ஆளக்கூடாது என்றும் சொன்னார். தந்தைக்குக் கிடைத்த உரிமை தனக்கும் உண்டு என்றான் தேசிங்கு. ஒரு காசும் தர முடியாது என்றான்.

நவாப் கேட்டது அந்தக் காலத்துச் சட்டப்படி கேட்ட பணம்தான். கதையில் வருவது போல அவர் வெறும் கொடியவர் அல்ல. வயது முதிர்ந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். இளங்காளைக்குப் பொறுமை ஏது?

நவாபின் படை ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு பேர்.

திரும்பிய முகம்

செஞ்சிக்கு அருகில் சிங்கவரம் என்ற ஊர். அங்கே குன்றைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். போருக்குப் போகுமுன் தேசிங்கு அவரிடம் விடை கேட்டான். இன்று வேண்டாம் என்பது போலச் சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதையும் மீறிப் புறப்பட்டான் என்கிறார்கள் ஊர் மக்கள்.

அவனுக்கு ஓர் உயிர் நண்பன் இருந்தான். மகபத்கான் என்ற முஸ்லிம் வீரன். அவனுக்கு அப்போது கல்யாண ஏற்பாடு. போர்ச் செய்தி எட்டியது. மாப்பிள்ளைக் கோலத்தைக் களைந்துவிட்டுத் தன் நீலவேணிக் குதிரைமேல் ஏறிப் பறந்து வந்தான். இந்த நண்பனுக்காகவே கதையைக் கேட்கலாம்.

1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி போர் நடந்தது. ஐப்பசி நெருங்கும் காலம். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். தேசிங்கு குதிரையைத் தண்ணீரில் இறக்கினான். கூட வந்தவர்களில் பலர் கரையிலேயே தயங்கி நின்றார்கள். மிஞ்சிய சிலரோடு எதிரிப் படைக்குள் பாய்ந்தான். மகபத்கான் விழுந்தான். பிறகு தேசிங்கும் விழுந்தான்.

அவன் உயிரைக் குடித்தது ஒரு துப்பாக்கிக் குண்டு.

கதை பாடியவர்களுக்கு இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தூரத்தில் ஒளிந்து நின்று யாரோ சுட்ட குண்டா தேசிங்கைக் கொல்வது? ஆகவே நண்பனும் போனபின் தேசிங்கு தன் வாளைத் தானே வானத்தில் எறிந்தான், கீழே வந்த வாளை மார்பில் ஏந்தினான் என்று பாடிவிட்டார்கள். பறக்கும் குதிரையும் அப்படிப் பிறந்ததுதான் போலும். சில நூறு பேர் ஆயிரக்கணக்கானவர்களை எதிர்த்த கதையைச் சொல்ல, கால்நடையாகப் போகும் குதிரை போதவில்லை.

ராணியின் பெயரில் ஊர்

தேசிங்கு ஆண்டது ஓராண்டு கூட நிறையவில்லை. அவன் உடலைச் செஞ்சி செட்டிகுளத்தருகே தகனம் செய்தார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தக் கொடிய வழக்கம் அன்று ராஜபுத்திரர் குடும்பங்களில் இருந்தது. அவள் நினைவாக நவாபே ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் ஓர் ஊரை உண்டாக்கினார் என்பார்கள். அதுதான் ராணிப்பேட்டை.

1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' படமாகவும் வந்தது. 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. ராஜகிரி மலையில் ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் களஞ்சியத்தையும் குதிரை லாயத்தையும் பார்க்கலாம். கல்யாண மாளாமல் களத்துக்கு வந்த மகபத்கானுக்கு அருகே நீலாம்பூண்டியில் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு குதிரையின் சமாதியையும் ஊரார் காட்டுகிறார்கள்.