பாறைகளைப் படித்த வாடியா

மும்பையில் செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயில், 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. பிறர் தரும் பொருள் எந்நேரமும் நின்றுபோகக்கூடும். இதனை முன்னரே உணர்ந்த அணுசக்தி ஆணையம், நம் மண்ணிலேயே யுரேனியத்தைத் தேட 1949-இல் ஒரு பிரிவை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் தாராஷா நோஷெர்வான் வாடியா. அப்போது அவருக்கு வயது 65.

1883-இல் சூரத்தில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்த வாடியா, பரோடாவில் பயின்று, 1907-இல் சம்முவில் கல்லூரி ஆசிரியரானார். விடுமுறைகளைச் சுத்தியலும் கையுமாக இமயமலைச் சரிவுகளில் கழித்தார். பாறை அடுக்கு எத்திசையில் சாய்கிறது, எங்கே மடிகிறது, எங்கே முறிகிறது என ஆராய்ந்தார். 1919-இல் இந்திய நிலவியல் பற்றி மாணவர்க்கு ஒரு நூல் எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலும், 1938 முதல் இலங்கை அரசின் கனிமவியலாளராகவும் பணியாற்றினார்.

யுரேனியத்தைத் தேடுவது எளிதன்று. கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கருவி ஒலித்தவுடன் புதையல் கிடைத்ததாக மகிழ்ந்துவிட முடியாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கும் அக்கருவி ஒலிக்கும். அங்கிருப்பது பெரும்பாலும் தோரியம். எனவே முதலில் நிலப்படத்தைப் பார்த்து, எவ்வகைப் பாறையில் கனிமம் சேர்ந்திருக்கலாம் எனக் கணிப்பர். பிறகே கருவியுடன் நடப்பர். ஒலி மிகும் இடத்தில் துளையிட்டு, உருளை வடிவில் பாறையை வெளியே எடுப்பர். எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஒவ்வொரு துண்டிலும் குறித்து ஆய்வகத்தில் சோதிப்பர். பல துளைகளின் முடிவுகளை இணைத்த பின்னரே படிவின் நீளம், அகலம், ஆழம் ஆகியன புலப்படும். பெரும்பாலான துளைகள் ஏமாற்றத்தையே தரும். அவையும் வீணல்ல, படிவு எங்கே முடிகிறது என்பதை அவையே காட்டுகின்றன.

செப்புத் தாதுவுக்குப் பெயர்பெற்ற சிங்பூம் பகுதியில், ஜாதுகுடா என்னுமிடத்தில் 1951-இல் யுரேனியம் கண்டறியப்பட்டது. அங்கு ஒரு டன் பாறையில் கிடைப்பது ஒரு கிலோவுக்கும் குறைவே. ஆயினும் அது நம்முடையது.

1957-இல் இலண்டன் இராயல் கழகம் வாடியாவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்திய யுரேனியக் கழகம் தோன்றியது 1967-இல்தான். கண்டறிந்ததற்கும் அதற்கும் இடையே 16 ஆண்டுகள். அதன் பின் இரண்டாம் ஆண்டில், 1969 சூன் 15 அன்று வாடியா மறைந்தார்.