முதற்படி அமைத்த கரிவரதன்

மோட்டார் என்றதும் மதுரைப் பெரியவர்கள் அந்நாளைய டி.வி.எஸ். பேருந்துகளின் நேரந்தவறாமையைப் பேசுவர். வேகத்தைப் பற்றிப் பேசவேண்டுமாயின் கோவைக்குத்தான் போகவேண்டும். அங்கே நூற்பாலைத் தொழில் நடத்திய குடும்பத்தில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். கரிவரதன்.

பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா சிறுவயதிலேயே 'கார்ட்' எனும் குட்டி வண்டியில் ஏறிப் பழகி, படிப்படியாக உயர்ந்து 1988இல் உலக வாகை சூடினார். நம் நாட்டிலோ அந்த ஏணிக்குக் கீழ்ப்படியே இல்லை. சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமே பந்தயக் களம். அங்கே சீறிய கார்களுள் சிறந்தவை கடல் கடந்து வந்தவை, செல்வர்க்கே எட்டியவை. கரிவரதனும் செல்வர்தாம், அக்களத்தில் தாமே கார் ஓட்டிப் பெயர் பெற்றவர்தாம். அத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

சென்னா வாகை சூடிய அதே 1988இல் அவர் 'பார்முலா மாருதி'யை உருவாக்கினார். ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் அது. உள்ளிருந்ததோ தெருவில் ஓடிய மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சின்! பழுதானால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். உதிரிப்பாகம் மதுரைக் கடைவீதியிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் பணப்பையைவிட ஓட்டுகின்ற கைக்கன்றோ மதிப்பு!

நாராயண் கார்த்திகேயன் அடியெடுத்து வைத்தது இவ்வண்டியில்தான். 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே, 1995இல், சிறு விமான விபத்தொன்றில் தமது 41ஆம் வயதில் மறைந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.