கைகாட்டி வைத்த டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930-ல் ஹாலந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். 1957-ல் கல்யாணப் பதிவில் தன் தொழில் புரோகிராமர் என்றார். அப்படி ஒரு வேலையே கிடையாதென்று ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் மறுக்க, பௌதிகக்காரர் என்று எழுத வேண்டியதாச்சு. (எங்க வீட்டில் என் படிப்பைச் சொன்னாலும் இதே கதைதான்!)

ஒரே மெமரியை இரண்டு பிராசசர்கள் பகிர்ந்தால் என்ன ஆகும்? கணக்கில் 10 இருக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஒன்று கூட்டி, 11 என்றே எழுதும். வரவேண்டியது 12, ஒன்று போச்சு! மோதாமலிருக்க 1965-ல் வழி சொன்னார். ஒற்றைத் தண்டவாளத்துக்குக் கைகாட்டி மாதிரி, ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே நிற்கணும் என்று செமஃபோரும் அவர் கொடுத்ததுதான். 1972-ல் டூரிங் விருது பெற்றார். 2002-ல் காலமானார். லினக்ஸ் கெர்னலில் செமஃபோர் அதே பெயரில் இன்றும் இருக்கு.